பாரத்துக்கு வைத்த டயர்கள்

"வீட்டைச் சுத்தி எங்கேயாவது தண்ணி நிக்குதா?" என்று டாக்டர் அம்மாள் கேட்டபோது ஜேக்கப் ஒரு கணமும் தயங்கவில்லை.

"இல்லைங்க டாக்டர். ஒரு சொட்டு நிக்காது."

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லும் வழக்கமும் அவருக்கு இல்லை. திருவானைக்காவலில், கொள்ளிடக்கரையை ஒட்டிய தெருவில், ஒரே மனையில் வீடும் டயர்க்கடையும் வைத்து வாழ்பவர். மழைக்காலம் தொடங்குமுன் வாளிகளைக் கவிழ்த்து வைப்பார். தொட்டியை மூடி வைப்பார். கொசுமருந்து ஊற்ற வரும் பெண்களுக்குத் தாமே முன்னின்று மூலைமுடுக்குகளைக் காட்டுவார். ஆகவே அந்தப் பதிலில் சற்றுப் பெருமையும் கலந்திருந்தது.

"உங்க தெருவிலேர்ந்து வர ரெண்டாவது கேஸ் இது," என்றார் டாக்டர் அம்மாள். "எங்கேயோ நிக்குது. போய் நல்லாப் பாருங்க."

தில்லை நகரிலிருந்த அந்த மருத்துவமனையின் மாடி அறையில் அவருடைய ஒரே மகள் ஆன்சி டெங்குவில் படுத்திருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. காய்ச்சல் விடியற்காலையில் விட்டிருந்தது. விட்டதும் அவளுடைய தாய் லிசி சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டாள். டாக்டர் அம்மாள் அந்த நன்றியில் சேர்ந்துகொள்ளவில்லை. இந்த நோயில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்து தொடங்கும் என்றார். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வருகிறது. இந்த நிலையில் பிரசவ வலி கண்டால் உதிரப்போக்கை நிறுத்துவது கடினம். அறுவைச் சிகிச்சை அதைவிடக் கடினம் என்றார். எல்லாவற்றையும் ஒரே குரலில், ஏற்ற இறக்கமின்றிச் சொன்னார்.

"இன்னிக்குச் சாயங்காலம் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்ப்போம். இறங்கறது நின்னுட்டா கொஞ்சம் மூச்சு விடலாம்."

"நிக்கலைன்னா?" என்றாள் லிசி.

"ரத்தம் ஏத்துவோம்மா. நீங்க வேண்டிக்கிட்டே இருங்க."

மருத்துவரே வேண்டிக்கொள்ளச் சொன்னதும் ஜேக்கப் சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். ஆன்சியின் உதடுகள் வெடித்திருந்தன. ஊசி குத்திய இடமெல்லாம் கன்றிக் கறுத்திருந்தது.

"என்னப்பா, மூஞ்சி பஞ்சர் ஆயிடுச்சா?" என்றாள்.

"பேசாம படு."

"நான் படுக்கத்தான் பாக்கறேன். உள்ள இருக்கறவன் விடமாட்டேங்கறான். உதைச்சுக்கிட்டே இருக்கான்." சிரிக்க முயன்று, உதடு வலித்ததால் பாதியில் நிறுத்தினாள். "அப்பா, நம்ம வீட்டுக்கு எப்பப் போவோம்?"

அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்தார்.

நம்ம வீடு என்றுதான் அவளும் சொன்னாள். அந்த வீட்டுக்கு அவளை அழைத்துவந்தவர் அவரே. ஏழாம் மாதம் முடிந்ததும், லால்குடியிலிருந்த சம்பந்தி தைரியராஜ் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: "உங்க இடத்துல டயரு நெறைய கெடக்கு சம்பந்தி. மழை வேற வருது. பிரசவம் இங்கேயே இருக்கட்டுமே." ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதையும் புண்படாமல் சொல்லத் தெரிந்தவர். ஜேக்கப் புண்பட்டார். தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் பார்ப்பதே முறை, தம் வீட்டில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, மறுநாளே காரோடு போய் நின்று மகளை அழைத்துவந்தார்.

லிசி அவரைத் தாழ்வாரத்தின் கோடிக்கு இழுத்துச் சென்றாள்.

"ஒரு சொட்டு நிக்காதா? வாசல்ல மலை மாதிரி டயரைக் குவிச்சு வெச்சுக்கிட்டு அந்தம்மாகிட்ட ஒரு சொட்டு நிக்காதுங்கறீங்க?"

"அது மூடியிருக்கு லிசி. உள்ள காஞ்சுதான் கெடக்கு. போன வாரம் ஹெல்த் இன்ஸ்பெக்டரே தூக்கிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனார்."

"உள்ள படுத்திருக்கறது இன்ஸ்பெக்டர் பொண்ணா?"

அவர் அறைக்கதவையே பார்த்தார்.

"போங்க. இங்க நின்னு செவுத்துக்கு முட்டு குடுத்து என்ன ஆகப்போவுது? போயி அந்தக் கருமத்தை இன்னிக்கே ஒழிச்சுக் கட்டுங்க. எரியட்டும், ஆத்தோட போகட்டும், எனக்கென்ன? அது இருக்கற எடத்துக்கு நான் எம்பொண்ணையும் அனுப்பமாட்டேன், பொறக்கற பிள்ளையையும் அனுப்பமாட்டேன்."

படியிறங்கும்போது, தம்மால் ஆகக்கூடியது இனி அது ஒன்றே என்று ஜேக்கப்புக்குத் தோன்றியது. மகளின் இரத்தம் அவர் கையில் இல்லை. டயர்கள் இருந்தன.

அந்தக் குவியலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தேய்ந்து மொட்டையான டயரை ஒழிப்பதற்கு ஊரில் எளிய வழிகள் பல உண்டு. செங்கற்சூளைக்குக் கொடுக்கலாம், உள்ளே இருக்கும் கம்பிக்காக இரவில் ஆற்றோரம் கொளுத்துபவரிடம் தள்ளிவிடலாம், போகிக்கு எரிக்கக் கேட்டு வருபவர்களுக்குத் தானமாகத் தரலாம். ஜேக்கப் இவற்றில் எதையும் செய்வதில்லை. சட்டப்படி பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலை ஒன்று விராலிமலைப் பக்கம் இருந்தது; அதற்கு மட்டுமே கொடுப்பார். அந்த ஆலை முழு லோடு சேராமல் லாரி அனுப்பாது. ஆகவே சேரும்வரை காத்திருப்பார். காத்திருக்கும் காலத்தில் மழை படாதவாறு குவியலைப் பெரிய பிளெக்ஸ் பேனர்களால் மூடுவார். எரிப்பவர்களைப் பார்த்தால் அவருக்கு ஏற்படும் அருவருப்பு, மற்றவர்களுக்கு மது அருந்துபவர்களைப் பார்த்து ஏற்படுவதைப் போன்றது. சக வியாபாரிகள் அவரை 'பாதர்' என்று கேலி செய்தார்கள். அவருக்கு அது கேலியாகப் படவில்லை.

மருத்துவமனை வாசலில் நின்று ஆலையின் லாரி ஓட்டுநரை அழைத்தார்.

"மன்சூர் பாய், இன்னிக்கு வண்டி வேணும்."

"இன்னிக்கா? அண்ணே, உங்ககிட்ட முக்கா லோடுதானே இருக்குன்னீங்க? திருவெறும்பூர்ல ஒரு கடையில சொல்லி வெச்சிருக்கேன், அதுவும் சேரட்டும். ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடறேன்."

"பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா பாய். டெங்கு. மாசமா இருக்கா."

மறுமுனையில் லாரியின் இரைச்சல் அடங்கியது; மன்சூர் வண்டியை ஓரங்கட்டினார்.

"துவா செய்யறேன்ணே," என்றார் மன்சூர். "ஆனா எங்க சூப்பர்வைசர்கிட்ட துவா செல்லாது. முழு லோடுன்னா சொல்லுங்க, இந்த நிமிஷம் கெளம்பறேன். அதுவும் தண்ணி இல்லாம வடிச்சு வெச்சிருக்கணும்."

"பாக்கறேன் பாய்," என்று ஜேக்கப் வைத்துவிட்டார். முக்கால் லோடு முழு லோடாகாது. ஆகுமென்று சொல்லவும் அவருக்கு வரவில்லை.

அடுத்து அவர் தேடிய எண், கைப்பேசியில் 'எடுக்க வேண்டாம்' என்ற பெயரில் பதிவாகியிருந்தது. நல்லதம்பி என்ற பழைய டயர்த் தரகனின் எண் அது. அவன் சில ஆண்டுகளாக மாதந்தவறாமல் அழைப்பான். ஜேக்கப் மாதந்தவறாமல் எடுக்கமாட்டார். இப்போது அவரே அழைத்தார். அவன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"அண்ணே! கனவா நெசமா?"

"எல்லாத்தையும் எடுத்துக்க. இப்பவே வா," என்றார் ஜேக்கப். தம் குரல் வேறொருவருடையதைப் போல் அவருக்குக் கேட்டது.

காவிரிப் பாலத்தில் வண்டியை ஓட்டிச் செல்கையில் ஆறு கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் சிலர் வண்டிகளை நிறுத்திவிட்டு வெள்ளம் பார்த்தார்கள். அவர்களுக்கெல்லாம் வீட்டில் யாருக்கும் ஒன்றும் இல்லை என்பது அவருக்கு வியப்பாயிருந்தது.

நல்லதம்பி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தான். கேட்டுக்கு வெளியே ஒரு குட்டியானை வேன், அதில் இரண்டு ஆட்கள்.

"கடைசியில பாதருக்கு நம்ம கடைக்கு வழி தெரிஞ்சுடுச்சு," என்றான்.

"பேச்சு வேண்டாம் நல்லதம்பி. எடு."

கடைக்கூரையின் கீழ், மழை படாத ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களை ஆட்கள் முதலில் வேனில் ஏற்றினார்கள். பிறகு குவியலுக்கு வந்தார்கள். அதன் மேல் போர்த்தியிருந்தவற்றில் மேலாக இருந்த பிளெக்ஸ், ஆன்சியின் திருமணத்தன்று மண்டப வாசலில் கட்டியது, கனமான பிளெக்ஸ், எறிய மனம் வராதது. பெண்ணின் முகத்தை மொட்டை டயர்மேல் போர்த்துவதா என்று லிசி சண்டைக்கு வந்ததால், படம் உட்புறமாகவும் வெள்ளைப் பின்புறம் மேலாகவும் இருக்குமாறு திருப்பிப் போட்டிருந்தார். அது காற்றில் பறக்காமலிருக்க, அந்தத் தெருவில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்திருந்தார்: மேலே பாரத்துக்குச் சில லாரி டயர்களைப் படுக்க வைத்திருந்தார்.

ஆட்களில் ஒருவன் பிளெக்ஸின் நுனியைப் பிடித்து இழுக்கப் போனான்.

"இழுக்காதே! மேல இருக்கறது உருண்டு உன் தலையிலதான் விழும்," என்றார் ஜேக்கப். "நான் ஏறி ஒண்ணொண்ணா எடுத்துக் குடுக்கறேன்."

ஏணியைச் சாத்தி ஏறினார். மழைக்காலம் தொடங்கிய பிறகு குவியலின் உச்சியை அவர் பார்ப்பது அதுவே முதல் முறை. கீழேயிருந்து பார்க்கும் எவருக்கும் பாரங்களின் கறுப்பு விளிம்பு மட்டுமே தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் அது மட்டுமே தெரிந்தது. மேலேயிருந்து பார்த்தபோது டயர்களுக்குள் வானம் தெரிந்தது. படுத்திருந்த ஒவ்வொரு டயரின் உட்பள்ளத்திலும், அதன் கனத்தால் அமிழ்ந்த பிளெக்ஸின் குழியிலும் மழைநீர் நிரம்பியிருந்தது. அவருடைய நிழல் விழுந்ததும் நீர் முழுவதும் ஒரே சமயத்தில் நெளிந்தது. எண்ணற்ற புழுக்கள் தலைகீழாக அடியை நோக்கி இறங்கின. அவர் அசையாமல் நின்றார். சற்றைக்கெல்லாம் அவை ஒவ்வொன்றாக மேலேறி வந்து, நீரின் தோலைப் பற்றித் தொங்கி, மூச்சு வாங்கின.

நீர் நிற்பது அவருக்குத் தெரியாததன்று. தெரியும். ஐப்பசியின் முதல் மழை பெய்த அன்று, வாசலில் நின்று அதை எண்ணி மகிழ்ந்தவரும் அவரே. தண்ணீர் நின்றால் டயரின் கனம் கூடும். கனம் கூடினால் காற்று பிளெக்ஸைத் தூக்காது. தூக்காவிட்டால் உள்ளே ஈரம் இறங்காது. கணக்கு சரியாகவே இருந்தது. உள்ளே ஈரம் இறங்கவும் இல்லை. குவியல் என்று அவர் மனத்தில் இருந்தது பிளெக்ஸுக்குக் கீழே இருந்தது மட்டுமே. மேலே இருந்தவற்றை அவர் டயர்களாக நினைக்கவில்லை, அவை பாரங்கள்.

ஆன்சி படுக்கும் அறையின் சன்னல் அங்கிருந்து கையெட்டும் தூரத்தில் திறந்திருந்தது. கர்ப்பிணிக்குக் காற்று வேண்டுமென்று அதைத் திறந்துவைக்கச் சொன்னவரும் அவர்தான்.

"என்னண்ணே, மேல நின்னு மலைக்கோட்டை பாக்கறீங்களா?" என்று கீழேயிருந்து நல்லதம்பி கத்தினான்.

அவர் நிமிர்ந்தார். அப்போதுதான் தெருவின் கூரைகள் அவர் கண்ணில் பட்டன. தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மாடியில் போட்ட தார்ப்பாய்ப் பந்தல். எல்லாவற்றின் மேலும் கறுப்பு வட்டங்கள் படுத்துக் கிடந்தன. அத்தனையும் அவர் கொடுத்தவை. எரிக்கக் கேட்டு வந்தவர்களைத் திட்டி அனுப்பியவர், கூரைக்குப் பாரம் வேண்டும் என்று வந்தவர்களுக்கு, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி, காசு வாங்காமல் கொடுத்தார். எரியாமல் ஒரு டயர் பயன்படுகிறதே என்ற மனநிறைவு அவருக்கு.

சட்டைப்பையில் கைப்பேசி அடித்தது. மருமகன் பிரவீன்ராஜ்.

"மாமா, ஒண்ணும் இல்லை, பயப்படாதீங்க. அப்படியேதான் இருக்கா. சாயங்காலம்தான் தெரியும். வந்து... டிஸ்சார்ஜ் பண்ணினா நேரா லால்குடிக்கே கூட்டிட்டுப் போயிடலாம்னு இருக்கோம். அப்பா ஜன்னலுக்கெல்லாம் வலை அடிக்க ஆள் விட்டுட்டார். அத்தையும் சரின்னுட்டாங்க. நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"கூட்டிட்டுப் போங்க மாப்ள," என்றார் ஜேக்கப்.

"முறை அது இதுன்னு..."

"ஒண்ணும் இல்லை மாப்ள. கூட்டிட்டுப் போங்க."

கீழே வேனில் டயர்கள் பாதிக்குமேல் ஏறியிருந்தன. ஒருவன் கயிற்றை எடுத்துக்கொண்டிருந்தான். ஏதோ கேட்க வேண்டுமே என்பதுபோல் ஜேக்கப் கேட்டார்:

"இதையெல்லாம் எங்க கொண்டு போறே?"

"சூளைக்குத்தாண்ணே. லால்குடி தாண்டினதும் நம்ம ஆளு ஒருத்தர் போட்டிருக்கார். இந்த மழையில வெறகு எங்க பத்துது? டயரைப் போட்டாத்தான் சுள்ளுன்னு பிடிக்கும்."

"லால்குடியா?"

"ஆமா. ஏன், அங்க உங்களுக்கு ஆளு இருக்கா?"

ஜேக்கப் ஏணியின் படிகளில் இறங்கி வந்தார். கயிற்றைப் பிடித்திருந்தவனின் கையிலிருந்து அதை வாங்கிக் கீழே போட்டார்.

"இறக்கு."

"என்னண்ணே?"

"ஏத்தினதை இறக்கு. குடுக்கறதா இல்லை."

நல்லதம்பியின் முகத்திலிருந்த சிரிப்பு உடனே போகவில்லை. இது வேடிக்கையாக இருக்கக்கூடும் என்று சற்று நேரம் காத்திருந்தது.

"ஆளு கூட்டி வந்திருக்கேன், டீசல் போட்டு வந்திருக்கேன். வெளையாடறீங்களா? நான் எடுக்கலைன்னா சூளை அணைஞ்சுடுமா? இன்னொருத்தன்கிட்ட வாங்குவான்."

"வாங்கட்டும். அதுல என் டயரு இருக்காது."

"பொண்ணு ஆஸ்பத்திரியில கெடக்கு. இவரு இங்க சட்டம் பேசறார்!" என்று நல்லதம்பி தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னான். "தள்ளுங்கடா எல்லாத்தையும் ரோட்டுல."

தள்ளினார்கள். டயர்கள் தெருவெங்கும் உருண்டு, சாக்கடையோரம் மோதி, சுழன்று படுத்தன. வேன் போய்விட்டது. ஜேக்கப் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக உருட்டி உள்ளே கொண்டுவந்தார். நல்லதம்பி சொன்னதில் ஒரு சொல்லும் தவறில்லை என்பதே அவரை வாட்டியது. லிசி கேட்டால் என்ன சொல்வது? எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்றாள். போக இருந்ததை நிறுத்திவிட்டேன் என்பதா?

மறுபடியும் ஏணியில் ஏறினார். கொடியில் காய்ந்த பழைய வேட்டியொன்றை எடுத்து வாளியின் வாயில் கட்டி, பாரங்களின் நீரை அதன் வழியே மொண்டு ஊற்றினார். புழுக்கள் வேட்டியில் தங்கித் துடித்தன. வடிந்த நீரை வீடு கட்டி மிஞ்சிய மணற்குவியலில் கொட்டினார். மணல் அதை உடனே குடித்தது. பிளெக்ஸின் குழிகளையும் வடித்தார். வடித்தால் மட்டும் போதாது என்று இன்ஸ்பெக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது: முட்டைகள் உட்புறத்தில் கரித்தூள்போல் ஒட்டிக்கிடக்கும், காய்ந்தாலும் சாகாது, அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அப்போது ஜேக்கப் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், தமக்குச் சம்பந்தமில்லாத ஒரு பாடத்தைக் கேட்பவரைப்போல.

கடைசியாகப் பிளெக்ஸை உருவியபோது அது புரண்டு மறுபுறம் திரும்பியது. மகளும் மருமகனும் ஈரமில்லாமல், நிறம் மங்காமல் சிரித்தார்கள். அவர் அதைப் படம் உள்ளே போகுமாறு சுருட்டி, கட்டி, கடைக்குள் நிறுத்தினார். பிறகு மன்சூரை அழைத்தார்.

"முழு லோடு இருக்கு பாய். வாங்க."

"காலையில முக்கான்னீங்க?"

"மீதி கூரைமேல இருக்கு. நீங்க வரதுக்குள்ள இறக்கிடறேன்."

"கூரைமேலயா? யார் கூரை?"

"எல்லார் கூரையும்."

எதிர்வீட்டில் வீராயி இருந்தாள். காலையில் இட்லிக்கடை போடுபவள். தெருவில் அவளிடம் வாய்கொடுத்து வென்றவர் இல்லை. கூரைமேலிருந்த டயர்களைத் திருப்பித் தரச்சொல்லி ஜேக்கப் கேட்டதும் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன். அதை எடுத்துட்டா ஷீட்டு பறந்து சீரங்கத்துல போயி விழும். அப்ப நீ எடுத்துட்டு வருவியா?"

"மணல் மூட்டை கட்டித் தரேன்க்கா. டயரை விடக் கனமா இருக்கும்."

"ஏன் இத்தனை அவசரம்? ஆலைக்காரன் வெலை ஏத்திக் குடுக்கறானா? நல்லாத்தான் யாவாரம் பண்றே."

யாரிடமும் சொல்லாமல் இதைச் செய்துவிடலாம் என்று அவர் எண்ணியிருந்தார். முடியாது என்பது இப்போது புரிந்தது. ஒவ்வொரு வாசலிலும் சொல்லியாக வேண்டும்.

"ஆன்சிக்கு டெங்குக்கா. எங்க டயர்லேர்ந்துதான் வந்துது. மேல பாரத்துக்கு வெச்சதுல தண்ணி நின்னு, முழுக்கப் புழு. இப்பத்தான் பாத்தேன். உங்க கூரையில இருக்கறதும் அப்படித்தான் இருக்கும். குடுத்தவன் நான்தான்."

வீராயி இடுப்பிலிருந்த கையை எடுத்தாள்.

"பொண்ணு எப்படி இருக்கு?"

"சாயங்காலம்தான் தெரியும்ங்கறாங்க."

"எனக்கே நேத்திலேர்ந்து உடம்பு அனலாத்தான் இருக்கு," என்றாள் அவள், மெதுவாக. "அடுப்புச் சூடுன்னு நெனைச்சேன்."

"இன்னிக்கே போயி ரத்தம் குடுத்துப் பாருங்கக்கா. அடுப்பு, யாவாரம்னு நிக்காதீங்க."

"சரி சரி, நீ ஏணியைக் கொண்டா."

அதன்பின் வேலை, வேலையாக நடந்தது. சிமெண்டுச் சாக்குகளில் மணலை அள்ளிக் கட்டினார், ஏறினார், டயரைச் சாய்த்து நீரை வேட்டியில் வடித்தார், இறக்கினார், மூட்டையை மேலே வைத்தார், அடுத்த வீட்டுக்குப் போனார். சிலர் கேட்டதும் கொடுத்தார்கள். சிலர் காரணம் கேட்டார்கள், காரணத்தைச் சொன்னார். ஒரு வீட்டில், தங்கள் பிள்ளைக்கு ஆவணியில் வந்த காய்ச்சலும் இதனால்தானா என்று கேட்டார்கள். தெரியாது என்றார். அந்த வீட்டுக்காரர் அதற்குமேல் எதுவும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டார்; டயரைத் தாமே மாடியிலிருந்து தெருவில் எறிந்தார். அது ஜேக்கப்பின் காலடியில் விழுந்து எகிறி, முழங்காலைச் சிராய்த்தது. இதற்கிடையே கைப்பேசியை அவர் எத்தனை முறை எடுத்துப் பார்த்தார் என்பது அவருக்கே தெரியாது. அழைப்பு எதுவும் வரவில்லை. வராததை நல்ல அடையாளமாகக் கொள்ளப் பார்த்தார்; பிறகு கெட்ட அடையாளமாகக் கொண்டார்.

மன்சூரின் லாரி தெருமுனையில் திரும்பியபோது தூறல் தொடங்கியிருந்தது. மன்சூர் இறங்கி, வாசலில் அடுக்கியிருந்தவற்றையும், ஜேக்கப்பின் முழங்காலில் வழிந்த இரத்தத்தையும் பார்த்தார்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கண்ணே. நான் ஏத்திக்கறேன்."

"முடிச்சுட்டுப் போறேன் பாய்."

"முடிஞ்சுதேண்ணே. இது போதும். கொஞ்சம் குறைஞ்சாலும் சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"முடியலை," என்றார் ஜேக்கப். தெருக்கோடி வீட்டைக் காட்டினார். பூட்டிய வீடு, வீட்டுக்காரர்கள் சொந்த ஊருக்குப் போயிருந்தார்கள். அதன் தகரக்கூரையில் இரண்டு டயர்கள் கிடந்தன.

அப்போது கைப்பேசி அடித்தது. லிசி. அவரால் எடுக்க முடியவில்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. மன்சூர் அதை அவர் கையிலிருந்து வாங்கி, பொத்தானை அழுத்தி, அவர் காதில் வைத்தார்.

"என்னங்க," என்றாள் லிசி. "கேக்குதா? இறங்கலையாம்."

"ஏறுச்சா?"

"ஏறலை. இறங்கலைன்னுதான் சொன்னாங்க. வலியும் காணலை. ராத்திரி திரும்பப் பாப்பாங்களாம்." அவள் அழுதுகொண்டிருந்தாள், அழுகையை விழுங்கிவிட்டுக் கேட்டாள்: "டயரு போச்சா?"

"போயிட்டிருக்கு. லாரி வந்துடுச்சு. ரெண்டுதான் பாக்கி." பிறகு சொன்னார்: "லிசி, காலையில டாக்டர்கிட்ட நான் சொன்னது தப்பு. தண்ணி இருந்துது. மேல பாரத்துக்கு வெச்சதுல. அவ ஜன்னலுக்கு நேர."

மருத்துவமனையின் ஏதோ ஒரு வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுக் கடந்துபோனது அவர் காதில் விழுந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லுங்க," என்றாள் கடைசியில். "மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிக்கலாம். அவகிட்ட மட்டும் இன்னிக்குச் சொல்லாதீங்க."

"சரி."

"சீக்கிரம் வாங்க."

தூறல் வலுத்தது. இன்னும் சற்று நேரத்தில் கூரைகளின் மேல் எதிலெல்லாம் நீர் நிற்க முடியுமோ அதிலெல்லாம் நிற்கத் தொடங்கும். ஜேக்கப் ஏணியைத் தோளில் எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தார். பூட்டிய வீட்டின் மதிலில் அதைச் சாத்தினார்.

"அண்ணே, பூட்டியிருக்கு," என்று மன்சூர் பின்னால் ஓடிவந்தார். "அடுத்தவங்க வீடு. கேக்காம ஏறக் கூடாது."

"தெரியும் பாய். ஏணியை அழுத்திப் பிடிங்க," என்று சொல்லிவிட்டு, அடுத்தவர் மதிலை வாழ்நாளில் ஒருமுறையும் தாண்டியிராத ஜேக்கப், வேட்டியையும் வாளியையும் தூக்கிக்கொண்டு ஏறினார்.